கழுத்துக்குள் நான்கு அரிசிமணிகள்



இரண்டு மாதங்களுக்கு முன்னர் இப்பகுதிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவரின் அனுமதியுடன், பெயரும் ஊரும் இல்லாமல், அதன் முக்கியமான பகுதியை இங்கே தருகிறேன்.

"மிஸ், எனக்கு 31 வயது. இப்ப நாலு மாதம். முதல் பிள்ளைக்குப் பிறந்த ஏழாம் நாள் வலிப்பு வந்து, கல்சியம் ஏத்தித்தான் காப்பாத்தினவை. ஏன் வந்தது எண்டு ஆரும் சொல்லேல்லை. எனக்கு இரண்டு தரம் சிறுநீரகக் கல் வந்தது. எந்த நேரமும் உடம்பு உளைவு, களைப்பு, தண்ணி விடாய். இடம்பெயர்ந்து வந்த நாள் தொட்டு யோசனை, அதுதான் வருத்தம் எண்டு எல்லாரும் சொல்லுவினம். நானும் அப்பிடித்தான் நினைச்சன். இந்த முறை கிளினிக்கில் ஒரு புது டொக்டர் இரத்தம் சோதிச்சவர். கல்சியம் 11.6 எண்டு வந்திருக்கு. கழுத்தில் சின்னக் கட்டி ஒண்டு இருக்காம், அதை இந்த மாதங்களுக்குள்ளேயே எடுக்க வேணுமாம். வயித்தில பிள்ளையை வைச்சுக்கொண்டு கழுத்தில கத்தி வைக்கிறதோ எண்டு மாமி அழுகிறா. நான் என்ன செய்ய?"

மாத இதழ் வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி அல்ல இது. ஆகவே கடிதம் கிடைத்த அன்றே தனியாகப் பதில் எழுதி அனுப்பினேன். ஆனால் இந்தச் சகோதரியைப் போல "யோசனைதான் வருத்தம்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் நம்மிடையே பலர். ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்குகிறேன்.

அது என்ன சுரப்பி?

நமது கழுத்தின் முன்பக்கத்தில் தைரொயிட் சுரப்பி இருப்பது பலருக்கும் தெரியும். அது வீங்கினால் கழலை என்கிறோம். அந்தத் தைரொயிட்டின் பின்பக்கத்தில் ஒட்டினாற்போல், அரிசிமணி அளவில், பொதுவாக நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன. இவையே பராதைரொயிட் சுரப்பிகள். பெயர் ஒத்திருந்தாலும் வேலை வேறு. இவை மிகச் சிறியவை என்பதால் நெடுங்காலமாக எவர் கண்ணிலும் படவில்லை. சுவீடனில் மருத்துவ மாணவராக இருந்த சான்ட்ஸ்ட்ரோம் என்பவர் 1880ஆம் ஆண்டிலேயே மனித உடலில் இவற்றைப் பற்றி விபரமாக எழுதினார்.

இவற்றின் வேலை, இரத்தத்தில் கல்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்வது. நம் உடம்பிலுள்ள கல்சியத்தில் நூற்றுக்குத் 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எலும்பு களஞ்சியம் மாதிரி. அன்றாடச் சமையலுக்கு எடுக்கும் ஒரு சுண்டு அரிசி மாதிரிச் சிறிதளவுதான் இரத்தத்தில் ஓடுகிறது. நரம்பு வேலை செய்வதும், தசை சுருங்கி விரிவதும், இதயம் துடிப்பதும் அந்தச் சிறிதளவினால்தான். இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் இந்தச் சுரப்பிகள் ஒரு ஹோர்மோனைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கும், சிறுநீரில் போவதைத் தடுக்கும், விற்றமின் டியை வேலை செய்ய வைத்து உணவிலிருந்து கூடுதலாக உறிஞ்சச் செய்யும்.

கர்ப்ப காலத்தில் இந்தக் கணக்கு பெரிதாகிறது. பிறக்கும் நேரத்தில் ஒரு பிள்ளையின் உடம்பில் ஏறக்குறைய 30 கிராம் கல்சியம் இருக்கும். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து போவது. அதற்கேற்றபடி தாயின் குடல் வழமையைப் போல இரு மடங்கு கல்சியத்தை உறிஞ்சுகிறது. சுரப்பிகள் ஒழுங்காக இருந்தால் இதெல்லாம் நமக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடும். அவை பழுதானால் இரண்டு விதமாகப் பிழைக்கலாம்: கூடச் சுரக்கலாம், அல்லது சுரக்காமல் விடலாம்.

நான் கண்டும் காணாத கை

சுரக்காமல் விடுவதைப் பற்றிச் சொல்வதற்கு முன், என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2009ஆம் ஆண்டு. இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில் கர்ப்பவதிகளைப் பார்க்கும் தாதியாக வேலை செய்தேன். ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். "விரலிலயும் வாயைச் சுத்தியும் எறும்பு ஊருற மாதிரிக் கிடக்கு மிஸ். இரவில கால் பிரட்டி இழுக்குது" என்றார். கணவரைப் பற்றி இரண்டு மாதமாகத் தகவல் இல்லை என்றும் சொன்னார். நித்திரை இல்லாததாலும் யோசனையாலும் வந்தது என்று நானே தீர்மானித்துவிட்டேன்.

இரத்த அழுத்தம் பார்க்கப் பட்டியைக் கையில் சுற்றிக் காற்றை ஏற்றினேன். அந்த நேரம் வரிசையில் நின்ற ஒரு பிள்ளை மயங்கி விழ, பட்டியை இறக்காமலே எழுந்து ஓடினேன். மூன்று, நான்கு நிமிடம் சென்று திரும்பி வந்தபோது அந்தச் சகோதரியின் கை மடங்கிக் கிடந்தது. மணிக்கட்டு கீழே வளைந்து, விரல்கள் நீட்டியபடி ஒன்றாகக் குவிந்து, பெருவிரல் உள்ளங்கைக்குள் மடிந்திருந்தது. பயந்து போனார் என்று நினைத்துக் கையைத் தடவி விட்டேன். காற்றை இறக்கியதும் கை சரியாகிவிட்டது. "ஒண்டுமில்லை அம்மா, போய்ப் படுங்கோ" என்று அனுப்பினேன்.

அன்றிரவு அவருக்கு வலிப்பு வந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டு போனபோது எல்லோரும் முதலில் நினைத்தது கர்ப்பகால இரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு என்றுதான். அப்படித்தான் நினைக்கவும் வேண்டும். ஆனால் அழுத்தம் சரியாக இருந்தது. சிறுநீரில் புரதம் இல்லை. அங்கிருந்த இளம் வைத்தியர் ஒருவர் சட்டைக் கழுத்தைச் சற்று விலக்கிப் பார்த்தார். கழுத்தின் குறுக்கே மெல்லிய தழும்பு. 2005இல் கழலைக்குச் சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். அதன் பிறகு தினமும் கல்சியமும் விற்றமின் டியும் எடுக்கும்படி சொல்லியிருந்தார்கள். ஓடி வந்த வழியில் குளிசையும் போயிற்று, கிளினிக் கொப்பியும் போயிற்று. குளிசை முடிந்து மூன்று மாதம். அவர் ஏன் சொல்லவில்லை? நான் கேட்கவில்லை.

கல்சியத்தை ஊசி மூலம் மெதுவாக ஏற்றினார்கள். வலிப்பு நின்றது. பிள்ளை சில கிழமை முந்திப் பிறந்தது, மெலிவாக இருந்தது, ஆனால் உயிரோடு வீட்டுக்குப் போனது. பின்னர்தான் அந்த வைத்தியர் எனக்குச் சொல்லித் தந்தார். பட்டி இறுகியிருக்கும்போது கை அப்படி மடங்குவது கல்சியக் குறைவின் பழம்பெரும் அடையாளம். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு வைத்தியர் துரூசோ கண்டு சொன்னது. பிரசவம் பார்க்கும்போது நாம் கையைக் குவித்து உள்ளே விடுவோமே, அதே வடிவம் என்பதால் அதற்கு மகப்பேற்று வைத்தியரின் கை என்றே பெயராம். என் தொழிலின் பெயரைத் தாங்கிய அடையாளம் என் கண்முன்னே கிடந்தது. எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து கர்ப்பிணி எவர் வந்தாலும் கழுத்தைப் பார்க்காமல் நான் அனுப்பியதில்லை.

சுரப்பி வேலை செய்யாவிட்டால்

இந்தச் சுரப்பிகள் வேலை செய்யாமற் போவதற்கு மிகப் பொதுவான காரணம் கழுத்தில் செய்யப்பட்ட சத்திரசிகிச்சை. தைரொயிட்டை எடுக்கும்போது பின்னால் ஒட்டியிருக்கும் இவையும் சேர்ந்து போகலாம், அல்லது இவற்றுக்குரிய இரத்த ஓட்டம் குறையலாம். சிலருக்கு இது சில கிழமைகளில் சரியாகும், சிலருக்கு வாழ்நாள் முழுதும் நிற்கும்.

வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் விறைப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, கை கால் பிரட்டி இழுத்தல், குரல்வளை இறுகி மூச்செடுக்கக் கஷ்டம், வலிப்பு ஆகியன அறிகுறிகள். இவற்றைப் பேய் பிடித்தது என்று கயிறு கட்டியவர்களையும் கண்டிருக்கிறேன். கட்டட்டும், ஆனால் இரத்தத்தையும் சோதிக்கட்டும்.

சிகிச்சை கடினமானதல்ல. கல்சியம் குளிசையும், உடம்பில் நேராக வேலை செய்யக்கூடிய விற்றமின் டி வகைகளான அல்பாகல்சிடோல் அல்லது கல்சிற்றியோலும் தரப்படும். இவை கர்ப்ப காலத்திலும் தேவை. "பிள்ளை வயிற்றில் இருக்கும்போது குளிசை கூடாது" என்று நிறுத்துவதுதான் ஆபத்து. தாயிடம் கல்சியம் குறைந்தால், பிள்ளையின் சுரப்பிகள் கூட வேலை செய்து பிள்ளையின் எலும்பிலிருந்தே கல்சியத்தை உருவும். எலும்பு பலவீனமாகப் பிறக்கும், முறியவும் கூடும். மறுபுறம் மருந்து அளவுக்கு மிஞ்சினாலும் பிள்ளையின் சுரப்பிகள் உறங்கிப் போகும். ஆகவே இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒரு தடவையாவது இரத்தத்தில் கல்சியத்தைச் சோதித்து மருந்தைக் கூட்டிக் குறைப்பார்கள்.

பிள்ளை பிறந்த பிறகு இன்னொரு விடயம். பால் கொடுக்கும் தாயின் மார்பகமே இந்த ஹோர்மோனை ஒத்த ஒன்றைச் சுரக்கிறது. அதனால் பலருக்கு மருந்தின் தேவை குறையும். பழைய அளவையே விழுங்கினால் கல்சியம் மிதமிஞ்சிப் போகலாம். பிரசவம் முடிந்தது, இனிக் கிளினிக் எதற்கு என்று இருந்துவிடாதீர்கள்.

தைரொயிட் எடுத்தவர்கள் தைரொக்சின் குளிசையும் எடுப்பார்கள். அதையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசைக்கும் தைரொக்சினுக்கும் இடையிலும் இதே இடைவெளி விடுங்கள். இரும்பையும் கல்சியத்தையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம். தைரொக்சினைக் காலையில் வெறுவயிற்றில் எடுத்து, மற்றவற்றை மதியத்துக்கும் இரவுக்கும் பிரித்து வைத்தால் குழப்பம் வராது.

சுரப்பி கூடச் சுரந்தால்

இனிக் கடிதம் எழுதிய சகோதரியின் நிலைக்கு வருவோம். நான்கு சுரப்பிகளில் ஒன்று வீங்கி, தேவையில்லாத நேரத்திலும் சுரந்துகொண்டே இருக்கிறது. இது பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத சிறு கட்டி. இரத்தத்தில் கல்சியம் கூடுகிறது. எலும்பு தேய்கிறது. மிஞ்சியது சிறுநீரகத்தால் போகும்போது கல்லாகிறது. விடாய், அடிக்கடி சலம் போதல், மலச்சிக்கல், உடம்பு உளைவு, களைப்பு, மனச்சோர்வு எல்லாம் வரலாம். சத்தியும் வரும். மசக்கைச் சத்தி வழமையாக நாலு, ஐந்து மாதத்தில் அடங்கும். அடங்காமல் நீண்டால் கல்சியத்தையும் ஒருமுறை பார்க்கக் கேளுங்கள்.

இந்த அடையாளங்களைப் பாருங்கள். போருக்குப் பின் நம்மில் யாருக்குத்தான் களைப்பும் மனச்சோர்வும் இல்லை? அதனால்தான் இந்நோய் நம்மிடம் எளிதாக ஒளிந்துகொள்கிறது. துக்கம் உண்மை. ஆனால் துக்கத்தால் சிறுநீரகக் கல் வருவதில்லை.

முதற் பிள்ளைக்கு வலிப்பு வந்த காரணமும் இதுவாகவே இருந்திருக்கலாம். தாயிடமிருந்து மிதமிஞ்சிய கல்சியம் வருவதால் வயிற்றிலுள்ள பிள்ளையின் சுரப்பிகள் வேலையற்று உறங்கிவிடும். கொடி அறுந்ததும் வரத்து திடீரென நின்றுவிடும். உறங்கிய சுரப்பி உடனே எழும்பாது. பிறந்த சில நாளில், சில நேரம் சில கிழமை கழித்து, பிள்ளைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். பிள்ளைக்கு வந்த வலிப்பைக் கொண்டே தாயின் நோயைக் கண்டுபிடித்த சம்பவங்கள் மருத்துவ உலகில் உண்டு.

எப்படிக் கண்டறிவார்கள்?

முதலில் இரத்தத்தில் கல்சியம். வழமையான அளவு ஒரு டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை. கர்ப்ப காலத்தில் இரத்தம் நீர்த்து அல்புமின் என்ற புரதம் குறைவதால், மொத்தக் கல்சியம் உள்ளதை விடக் குறைவாகவே காட்டும். அதனால் சற்றே கூடியிருந்தாலும் கவனிக்க வேண்டும். அல்புமினையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள், அல்லது அயன் கல்சியத்தைத் தனியாக அளப்பார்கள். ஒரு முடிவை மட்டும் நம்பாமல் திரும்பவும் சோதிப்பார்கள்.

அடுத்தது பராதைரொயிட் ஹோர்மோன் பரிசோதனை. கல்சியம் கூடியிருக்கும்போது இந்த ஹோர்மோன் அடங்கிப் போயிருக்க வேண்டும். அடங்காமல் இருந்தால் சுரப்பியில்தான் பிழை. இந்தச் சோதனை எல்லா இடத்திலும் இல்லை, இரத்தத்தை வேறிடம் அனுப்ப வேண்டி வரலாம். விற்றமின் டி, பொஸ்பரசு ஆகியவற்றையும் பார்ப்பார்கள்.

24 மணித்தியாலச் சிறுநீரைச் சேர்த்துத் தரும்படியும் கேட்கலாம். காலையில் முதற் சலத்தை விட்டுவிட்டு, அதன் பிறகு மறுநாட் காலை முதற் சலம் வரை ஒரு துளியும் விடாமல் தந்த போத்தலில் சேர்க்க வேண்டும். பரம்பரையாகக் கல்சியம் சற்றுக் கூடியிருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குச் சத்திரசிகிச்சை பயன் தராது. அதைப் பிரித்தறியத்தான் இந்தச் சோதனை. உங்கள் தாய், சகோதரங்களுக்கு இப்படி இருந்ததா என்று கேட்டால் அதற்காகவே கேட்கிறார்கள்.

கட்டி எங்கே என்று பார்க்கக் கழுத்துக்கு ஸ்கான் செய்வார்கள். வயிற்றுக்குச் செய்யும் அதே ஒலி அலை ஸ்கான்தான், பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. கதிரியக்க மருந்து ஏற்றிச் செய்யும் ஸ்கானைக் கர்ப்ப காலத்தில் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

கத்தி வைப்பதா?

கல்சியம் சற்றே கூடி, வேறு தொல்லை இல்லாவிட்டால் நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சோதித்துக்கொண்டு பிரசவம் வரை போகலாம். ஆனால் கல்சியம் 11 மில்லிகிராமைத் தாண்டினாலோ, கல், ஓயாத சத்தி போன்றவை இருந்தாலோ சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள். இந்த நோயை முற்றாக மாற்றுவது அது ஒன்றுதான். வேறு நேரத்தில் கல்சியத்தைக் குறைக்கத் தரும் மருந்துகள் பலவற்றைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கத் தயங்குவார்கள்.

அதற்கு மிக ஏற்ற காலம் நாலாம், ஐந்தாம், ஆறாம் மாதங்கள். அதற்கு முன் பிள்ளையின் உறுப்புகள் உருவாகிக்கொண்டிருக்கும். அதற்குப் பின் முந்திப் பிரசவமாகும் பயம் கூடும். அந்தச் சகோதரியின் வைத்தியர் "இந்த மாதங்களுக்குள்ளேயே" என்றது இதனால்தான். வெட்டுவது கழுத்தில், வயிற்றை எவரும் தொடமாட்டார்கள். வீங்கிய ஒன்றை எடுத்துவிட்டு மற்ற மூன்றையும் விட்டுவைப்பார்கள், அவை போதும். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சும்மா இருப்பதிலும் ஆபத்து உண்டு. கருச்சிதைவு, தாய்க்குக் கணைய அழற்சி, பிள்ளைக்கு வலிப்பு எல்லாம் கவனிக்காமல் விட்ட நோயால் வரக்கூடியவை.

மாமியிடம் கோபிக்க வேண்டாம் என்றும் அவருக்கு எழுதினேன். எத்தனையோ பேரை இழந்த பெண் அவர், வரப்போகும் பேரப்பிள்ளையை இழக்கப் பயப்படுகிறார். அடுத்த கிளினிக்குக்கு மாமியையும் கூட்டிப் போய், டொக்டரிடமே கேட்க விடுங்கள் என்றேன்.

சத்திரசிகிச்சை செய்யாமலே பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கல்சியம் பிள்ளைக்குப் போகும் வழி அடைபட்டதும் தாயின் இரத்தத்தில் அது திடீரென ஏறலாம். பிள்ளை பெற்ற நாட்களில் ஓயாத சத்தி, அரைமயக்கம், தடுமாறிய பேச்சு வந்தால் அதைப் பிரசவக் களைப்பென்று விடாதீர்கள். 1990ஐ அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும்.

கிளினிக்கில் சொல்ல வேண்டியவை

கழுத்தில் எப்போதாவது சத்திரசிகிச்சை செய்திருந்தால், தழும்பைக் காட்டிச் சொல்லுங்கள். கொப்பி தொலைந்தாலும் தழும்பு தொலையாது.

சிறுநீரகக் கல் வந்திருந்தால், முன் பிள்ளைக்குப் பிறந்தவுடன் வலிப்பு வந்திருந்தால் சொல்லுங்கள்.

விரல் விறைப்பு, கை கால் இழுப்பு இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

கிளினிக்கில் எல்லோருக்கும் தரும் கல்சியம் குளிசை நல்லதுதான். ஆனால் உங்களுக்குக் கல்சியம் கூடியிருப்பதாக அறிக்கை வந்திருந்தால், அதைக் காட்டிக் கேட்காமல் விழுங்க வேண்டாம். சுரப்பி வேலை செய்யாதவர்களோ கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

பிள்ளை பிறந்ததும் உங்கள் நோயைப் பிள்ளை வைத்தியரிடமும் சொல்லுங்கள். பிள்ளையின் கல்சியத்தைச் சோதிப்பார்கள்.

எடுக்கும் குளிசையின் பெயரையும் அளவையும் ஒரு சிறு கடதாசியில் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள். எதை விட்டு ஓடினாலும் அடையாள அட்டையை நாம் விட்டு ஓடியதில்லை.

சென்ற கிழமை அந்தச் சகோதரியிடமிருந்து பதில் வந்தது. மாமி கிளினிக்குக்குப் போய் டொக்டரிடம் அரை மணித்தியாலம் கேள்வி கேட்டாராம். சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. முதலிரண்டு நாள் விரல் கொஞ்சம் விறைத்தது, கல்சியம் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. "மிஸ், பதினைஞ்சு வருசத்துக்கு மேலா இருந்த உளைவு குறைஞ்சிட்டுது. நான் சோம்பேறி இல்லை எண்டு இப்பதான் எனக்கே தெரியுது" என்று எழுதியிருக்கிறார். பிள்ளை வயிற்றில் நன்றாக அசைகிறதாம்.

2009இல் அந்தக் கையைத் தடவி "ஒண்டுமில்லை" என்று அனுப்பிய நான், இந்த வரியை இரண்டு முறை வாசித்தேன்.

உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.